டெர்மினலில் ஓடுகிறது, ஏஐ உதவியாளரிடம் ஓடவில்லை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கொழும்பில் தமிழ் வேலை செய்யும் பல அச்சகங்களில் பழைய கணினியைத் திறந்தால், பாமினி எழுத்துருவில் தட்டிய ஆவணங்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அவற்றை யூனிகோடுக்கு மாற்ற யாரோ எழுதிக் கொடுத்த ஒரு சின்னப் பைதன் நிரலும் பக்கத்தில் இருக்கும். அந்த நிரலை ஏஐ உதவியாளரே கூப்பிட்டு வேலையை முடிக்கட்டும் என்று இப்போது பலரும் இறங்குகிறார்கள். செய்யக்கூடிய வேலைதான். ஏஐ உதவியாளர்களை வெளி நிரல்களோடு இணைக்கும் எம்சிபி என்ற நெறிமுறையை ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட பிறகு, ஒரு கட்டளைவரி நிரலுக்கு மேலே மெல்லிய உறை ஒன்றை எழுதி, உதவியாளருக்கு டூலாகக் கொடுப்பது ஒரு மாலைநேர வேலை. அதற்குப் பிறகு வரும் பிழைகளைப் பிடிப்பதற்குத்தான் நாள் போகும்.

அநேகமான பிழைகளுக்கு மூலம் ஒன்றுதான். கட்டளைவரி நிரல்கள், எதிரே ஒரு மனிதர் திரையும் விசைப்பலகையுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நம்பி எழுதப்பட்டவை. உதவியாளர் கூப்பிடும்போது அங்கே திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை, உங்கள் ஷெல் அமைப்புகளும் இல்லை. கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

முதலில் எந்த அடுக்கு என்று பிரியுங்கள்

நீங்கள் எழுதிய உறைக்கு எம்சிபியில் சேர்வர் என்று பெயர். உதவியாளர் அந்தச் சேர்வரைத் துணைச்செயலாகத் தொடங்குகிறது. சேர்வர் உங்கள் நிரலைத் தொடங்குகிறது. ஆக மூன்று அடுக்கு. எம்சிபி இன்ஸ்பெக்டர் என்ற சோதனைக் கருவியை ஓட்டினால், உலாவியில் 6274 போர்ட்டில் ஒரு பக்கம் திறக்கும். அங்கே டூலை நீங்களே கையால் கூப்பிடலாம். அங்கு ஓடி, உதவியாளரிடம் ஓடாவிட்டால் கோளாறு உதவியாளரின் அமைப்புக் கோப்பிலோ சூழல் மாறிகளிலோ இருக்கிறது. அங்கும் ஓடாவிட்டால் உறையைப் பாருங்கள். உறையில் ஒன்றும் தெரியாவிட்டால், சூழல் மாறிகளையெல்லாம் காலியாக்கி, உள்ளீட்டை வெற்றுச் சாதனத்துக்கு (/dev/null) திருப்பி, நிரலை மட்டும் முழுப் பாதையோடு டெர்மினலில் ஓட்டுங்கள். அங்கே உடைந்தால் குற்றவாளி நிரல்தான்.

அறிகுறி: டூல் பட்டியலிலேயே வரவில்லை

மெக் கணினியில் இதற்கு முதல் சந்தேகம், நிரல்களை எந்த அடைவுகளில் தேடுவது என்று சொல்லும் பாத் மாறிதான். டெர்மினலில் உங்கள் ஷெல், நிரல்களை நிறுவ உதவும் ஹோம்ப்ரூவின் அடைவையும் பாத்தில் சேர்த்துவிடுகிறது. டொக்கிலிருந்து சொடுக்கித் திறந்த செயலிக்கு அது தெரியாது. இயங்குதளத்தின் அடிப்படை அடைவுகள் மட்டுமே தெரியும். லொக் கோப்பில் "ஈநோஎன்ட்" (அப்படியொரு கோப்பு இல்லை) என்று வந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. அமைப்புக் கோப்பில் நிரலின் பெயரை மட்டும் போடாமல் முழுப் பாதையைப் போடுங்கள். வெர்ச்சுவல் என்விரான்மென்ட் வைத்திருந்தால் அதற்குள் இருக்கும் பைதனின் பாதையைக் கொடுங்கள்.

விண்டோஸில் வேறு கதை. ஜேசனுக்குள் பாதையின் பின்சாய்வுக் கோடுகளை இரட்டிக்க மறந்திருப்பார்கள், அல்லது கடைசி உறுப்புக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி மிச்சம் இருக்கும். அப்புறம், அமைப்பை மாற்றியபின் சாளரத்தை மூடித் திறந்தால் போதாது. செயலியை முழுதாக நிறுத்திவிட்டுத் தொடங்க வேண்டும்.

அறிகுறி: இணைகிறது, உடனே அறுகிறது, அல்லது "ஜேசன் அல்ல" என்று முறைப்பாடு

உதவியாளரும் சேர்வரும் சேர்வரின் நியம உள்ளீடு, நியம வெளியீடு வழியாகவே கதைக்கின்றன. ஒரு வரி, ஒரு ஜேசன்-ஆர்பிசி செய்தி. அந்த வெளியீட்டில் வேறு எது போனாலும், இருவர் தொலைபேசியில் கதைக்கும்போது மூன்றாமவர் குறுக்கே கத்துவது போலத்தான். சோதனைக்குப் போட்ட ஒரு பிரின்ட் வரி போதும், எல்லாம் உடையும்.

லொக் எழுதுவதெல்லாம் பிழை வெளியீட்டுக்குப் போக வேண்டும். நெறிமுறை அதற்கு வெளிப்படையாகவே இடம் விட்டிருக்கிறது. உங்கள் வரிகள் சுத்தமாக இருந்தும் பிரச்சினை தொடர்ந்தால், நீங்கள் இறக்குமதி செய்த நூலகம் ஏதாவது வாழ்த்துச் செய்தி அச்சிடுகிறதா, சேர்வரைத் தொடங்கும் ஷெல் ஸ்கிரிப்ட் எதையாவது எதிரொலிக்கிறதா என்று பாருங்கள். துணைநிரலின் வெளியீட்டை நீங்கள் பிடிக்காமல் விட்டிருந்தால் அதுவும் நேரே இந்த வழியில்தான் கொட்டும்.

டொக்கர் கொள்கலனுக்குள் ஓட்டுபவர்கள் கவனிக்க: உள்ளீட்டைத் திறந்து வைக்கும் "ஐ" தெரிவு கட்டாயம் வேண்டும். டெர்மினல் கேட்கும் "டி" தெரிவு கூடவே கூடாது. டுடோரியல்களில் இரண்டையும் சேர்த்தே எழுதிப் பழக்கிவிட்டார்கள். "டி" போட்டால் நியம வெளியீடும் பிழை வெளியீடும் ஒரே வாய்க்காலில் கலந்துவிடும்.

அறிகுறி: கூப்பிட்டால் அப்படியே நிற்கிறது

அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான். ஒரே அறிகுறிக்குக் குறைந்தது நான்கு காரணங்கள் இருப்பதால் ஊகித்து அடிக்காதீர்கள், பார்த்து அறியலாம். நின்றிருக்கும் செயலின் எண்ணை எடுத்து, லினக்ஸ் என்றால், செயல் இப்போது எதற்குக் காத்திருக்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியை அதில் பொருத்துங்கள். 0 என்ற கோப்பு எண்ணிலிருந்து படிக்கக் காத்திருந்தால் நிரல் உள்ளீடு கேட்கிறது. 1 அல்லது 2 என்ற எண்ணில் எழுதக் காத்திருந்தால், வெளியீட்டை உறைக்குக் கொண்டுபோகும் குழாய் நிரம்பிவிட்டது. இரண்டும் இல்லாமல் சீபீயூ முழுவீச்சில் ஓடினால் நிரல் நிற்கவில்லை, வேலைதான் செய்கிறது.

உள்ளீடு கேட்கும் விவகாரத்தில் இரண்டு வகை. பைதனில் துணைச்செயலைத் தொடங்கும்போது உள்ளீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால், அது சேர்வரின் உள்ளீட்டையே வாங்கிக்கொள்ளும். அதாவது உதவியாளர் சேர்வருக்கு அனுப்பும் ஜேசன் செய்திகளைத் துணைநிரல் தின்னத் தொடங்கும். காணொளி மாற்றும் எஃப்எஃப்எம்பெக் நிரல் இதில் பெயர்போனது. ஓடும்போது அது விசைகளை எதிர்பார்க்கும். "கியூ" அழுத்தினால் வேலையை நிறுத்தும். வந்த செய்தியை எழுத்து எழுத்தாக எடுத்துத் தனக்கான விசை என்று நினைத்துக்கொள்ளும். காணொளி பாதியில் நிற்கும், அல்லது அடுத்த கோரிக்கைக்குச் சேர்வர் பதிலே சொல்லாது. இரண்டும் வெவ்வேறு பிழை மாதிரித் தெரிந்தாலும் ஒன்றுதான்.

நோட் ஜேஎஸ்ஸில் இதற்கு நேர்மாறு. அங்கே இயல்பாகவே புதிய குழாய் ஒன்று உள்ளீடாகக் கொடுக்கப்படும். யாரும் அதை மூடுவதில்லை. கோப்புகளுக்குள் சொல் தேடும் ரிப்கிரெப்பை அடைவு எதுவும் கொடுக்காமல் கூப்பிட்டால், உள்ளீட்டில் குழாயைக் கண்டு, "இதில்தான் தேட வேண்டும் போல" என்று முடிவின்றிக் காத்திருக்கும். டெர்மினலில் அதே கட்டளை நடப்பு அடைவில் தேடி உடனே முடிந்துவிடும் என்பதால் சந்தேகமே வராது.

இரண்டுக்கும் மருந்து ஒன்று: துணைநிரலின் உள்ளீட்டை எப்போதும் வெற்றுச் சாதனத்துக்குத் திருப்புங்கள். விதிவிலக்கு, நீங்களே உள்ளீடு கொடுக்கும் இடம் மட்டும். அங்கும் கொடுத்து முடித்தபின் மூடிவிடுங்கள்.

கேள்வி கேட்கும் நிரல்களுக்கு அது மட்டும் போதாது. தொலைக் கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்எச், கடவுச்சொல்லை உள்ளீட்டில் கேட்பதில்லை, டெர்மினலை நேரே திறந்து கேட்கும். அதற்கு "பேட்ச் மோட்" தெரிவை இயக்க வேண்டும். நிர்வாகி உரிமையோடு ஓட்டும் சூடோவுக்கு "என்" தெரிவு. கோப்புகளின் பதிப்புகளைப் பேணும் கிட்டுக்கு, டெர்மினலில் கேட்காதே என்று சொல்லும் சூழல் மாறியை 0 ஆக்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக், அந்தப் பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் மேலெழுதவா என்று கேட்கும். "வை" அல்லது "என்" தெரிவால் பதிலை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் "என்" பக்கம்தான். இருந்த கோப்பு அழிந்துபோவதைவிட, உதவியாளர் ஒரு பிழைச்செய்தி பார்ப்பது எவ்வளவோ நல்லது.

குழாய் நிரம்பும் விடயம் வேறு மாதிரி. லினக்ஸில் ஒரு குழாய் இயல்பாக 64 கிலோபைட் கொள்ளும். நிரல் முடியும்வரை காத்திருந்து, முடிந்தபின் வெளியீட்டைப் படிப்போம் என்று உறை எழுதியிருந்தால், 64 கிலோபைட்டுக்கு மேல் வெளியீடு வந்த கணத்தில் நிரல் எழுத முடியாமல் நிற்கும். உறை நிரல் முடியவில்லையே என்று நிற்கும். சின்னக் கோப்புக்கு ஓடி, பெரிய கோப்புக்கு மட்டும் நின்றால் நேரே இங்கே வாருங்கள். பைதனில் "வெயிட்" இருக்கும் இடத்தில் "கம்யூனிகேட்" போட்டால் தீர்ந்தது.

நிரல் உண்மையிலேயே நீளமான வேலை செய்கிறதென்றால், எம்சிபியின் டைப்ஸ்கிரிப்ட் எஸ்டிகேயில் (நிரலாளர் நூலகத்தில்) ஒரு கோரிக்கையின் இயல்பான காலக்கெடு 60 விநாடி. அதைத் தாண்டினால் -32001 என்ற பிழை எண் வரும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: உதவியாளர் கைவிட்டுவிட்டது என்பதற்காகத் துணைநிரல் சாவதில்லை. அது பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். உதவியாளர் மறுபடி கூப்பிட இரண்டாவது ஒன்று தொடங்கும். துணைநிரலைத் தனிச் செயற்குழுவாகத் தொடங்கி, காலக்கெடு முடிந்ததும் குழுவையே கொல்லுங்கள். கொன்றபின் வெளியீடு வெறுமையாக இருந்தால் பதறாதீர்கள்: குழாய்க்கு எழுதும்போது நிரல்கள் வரிவரியாக அல்ல, மொத்தமாகச் சேர்த்தே தள்ளும், சேர்த்து வைத்தது நிரலோடு போய்விட்டது. பைதன் நிரலென்றால் "யூ" தெரிவோடு ஓட்டினால் அவ்வப்போதே வெளிவரும்.

அறிகுறி: வாக்கியம் பாதியில் வெட்டுப்படுகிறது, அடைவில் விசித்திரமான கோப்புகள் முளைக்கின்றன

கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் இதைப் பார்த்தேன். உதவியாளரிடம் பாமினிப் பந்தி ஒன்றைக் கொடுத்து மாற்றச் சொல்லியிருந்தார்கள். வந்த பதில் ஒரு சொல்லின் பாதி. "தம்பி, இந்த ஃபைல் எல்லாம் ஆர் போட்டது?" என்று உரிமையாளர் திரையைக் காட்டினார். அடைவு நிறைய, ஒன்றும் இல்லாத 0 பைட் கோப்புகள். "உங்கட காற்புள்ளிதான் அண்ணை போட்டது" என்றால் யார் நம்புவார்கள்?

ஆனால் நடந்தது அதுதான். பாமினி என்பது ஆங்கில விசைகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்தும் குறியும்தான். "அம்மா" என்பது பாமினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று இருக்கும். மெய்யின் புள்ளிக்குரிய விசை அரைப்புள்ளி. அதே அரைப்புள்ளி ஷெல்லுக்கு "இந்தக் கட்டளை முடிந்தது, அடுத்ததைத் தொடங்கு" என்று பொருள். உறை, பந்தியைக் கட்டளையோடு ஒட்டி ஒரே சரமாக்கி ஷெல்லிடம் கொடுத்தால், "அம்மா"வின் முதல் பாதி மட்டும் மாற்றியிடம் போகும். மறுபாதி "அப்படியொரு கட்டளை இல்லை" என்று 127 வெளியேற்ற எண்ணோடு விழும். பாமினியில் காற்புள்ளிக்கு வருவதோ "பெரிது" குறி. ஷெல்லுக்கு அது வெளியீட்டைக் கோப்பில் எழுது என்ற உத்தரவு. பந்தியில் எத்தனை காற்புள்ளியோ, ஏறக்குறைய அத்தனை கோப்பு. "ஈ" எழுத்தோ "சிறிது" குறி. அது இல்லாத கோப்பைத் திறக்கப் பார்க்கும்.

மேற்கோள் குறி போட்டுச் சமாளிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். ஷெல்லையே நடுவிலிருந்து எடுத்துவிடுங்கள். பைதனில் "ஷெல்" தெரிவைப் பொய்யாக்கி, கட்டளையையும் வாதங்களையும் பட்டியலாகக் கொடுங்கள். நோடில் "எக்செக்" விட்டு "எக்செக்ஃபைல்". நீண்ட பந்தி என்றால் வாதமாகவே கொடுக்காமல் உள்ளீட்டுக் குழாயில் அனுப்புவது இன்னும் நல்லது. இது பாமினிக்காரருக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல. உதவியாளர் படிக்கும் ஆவணத்துக்குள் யாராவது வேண்டுமென்றே அரைப்புள்ளியும் அழிக்கும் கட்டளையும் எழுதி வைத்திருந்தால், அதே ஓட்டைவழி அதுவும் ஓடும்.

பட்டியலாகக் கொடுத்தபின்னும் ஒரு சின்ன ஓட்டை மிச்சம். கோப்பின் பெயர் சிறு கோட்டில் தொடங்கினால் நிரல் அதைத் தெரிவு என்று நினைக்கும். பெயருக்கு முன் இரட்டைக் கோட்டைத் தனி வாதமாகப் போட்டால், அதற்குப் பின் வருவது தெரிவு அல்ல என்று பெரும்பாலான நிரல்கள் புரிந்துகொள்ளும்.

அறிகுறி: தமிழ் சிதைந்து வருகிறது

எப்படிச் சிதைகிறது என்று உற்றுப் பாருங்கள். உருவமே காரணத்தைச் சொல்லும்.

\340\256 என்று எண் வரிசை வந்தால் அது கிட். ஆங்கிலமல்லாத கோப்புப் பெயர்களை எண்மமாக எழுதுவது அதன் இயல்பு. யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துகள் எல்லாம் 340இல் தொடங்கி 256 அல்லது 257 என்று தொடர்வதால் இந்த வரிசையை உடனே அடையாளம் காணலாம். கிட் அமைப்பில் "கோட்பாத்" என்பதைப் பொய்யாக்கினால் தமிழ்ப் பெயரே வரும். இதைச் செய்யாவிட்டால் உதவியாளர் அந்த எண் வரிசையையே கோப்புப் பெயரென்று எடுத்து அடுத்த டூலைக் கூப்பிட்டு, "கோப்பு இல்லை" என்று திரும்பி வரும்.

கேள்விக்குறிகளாக வந்தாலோ, விண்டோஸில் "சார்மேப்" என்ற பிழை வந்தாலோ, குறியாக்கம். டெர்மினல் இல்லாதபோது விண்டோஸ் பைதன் பழைய குறிப்பக்கத்துக்குப் போய்விடும். யூடிஎஃப்-8 முறையை இயக்கும் சூழல் மாறியை 1 ஆக்குங்கள். லினக்ஸ் கொள்கலனில் "லாங்" மாறியை யூடிஎஃப்-8 உள்ள ஒன்றாக வையுங்கள்.

கடைசி எழுத்து மட்டும் கறுப்பு வைரமாக வந்தால், நீளமான வெளியீட்டைப் பைட் எண்ணி வெட்டியிருக்கிறீர்கள். ஒரு தமிழ்க் குறியீட்டுப் புள்ளி 3 பைட். நடுவில் வெட்டினால் மிச்சம் குப்பை. முதலில் உரையாக மாற்றி, பிறகு வெட்டுங்கள். வரியின் முடிவில் வெட்டினால் இன்னும் நல்லது.

பார்வைக்கு எல்லாம் சரி, தேடினால் மட்டும் அகப்படவில்லை என்றால்? "கொழும்பு" என்பதையே எடுங்கள். "கொ" என்பதைக் ககரமும் ஒகரக் குறியும் என்று இரண்டு புள்ளியாகவும் எழுதலாம். ககரம், எகரக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் துளியும் வித்தியாசம் தெரியாது. முதலாவது வகையில் முழுச் சொல் 24 பைட், இரண்டாவதில் 27. சொல் தேடும் கிரெப் நிரலுக்கு இரண்டும் வேறு சொல். பாமினியில் கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டுவதால், அவசரமாக எழுதிய மாற்றிகள் இரண்டாவது வகையைத்தான் துப்பும். மாற்றியின் வெளியீட்டையும், உதவியாளர் அனுப்பும் தேடுசொல்லையும் உறையிலேயே, இணைந்த புள்ளிகளையே பயன்படுத்தும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு இயல்பாக்குங்கள்.

அறிகுறி: முடிந்த வேலையைத் தோல்வி என்கிறது, தோற்றதை வெற்றி என்கிறது

வெளியேற்ற எண் 0 அல்லாததெல்லாம் பிழை என்று உறை எழுதியிருப்பீர்கள். கிரெப் 1 திருப்பினால் "பொருந்தும் வரி இல்லை" என்று பொருள். பிழை என்றால் 2. இரு கோப்புகளை ஒப்பிடும் டிஃப்பும் அப்படியே: 1 என்றால் வேறுபாடு உண்டு. இன்னொரு பக்கம், பிழை வெளியீட்டில் ஏதாவது வந்தாலே தோல்வி என்று எடுக்காதீர்கள்; எஃப்எஃப்எம்பெக் நல்லபடி ஓடும்போதும் அங்கேதான் பக்கம் பக்கமாக எழுதும்.

தோற்றதை வெற்றி என்பது பெரும்பாலும் குழாயிட்ட கட்டளைகளில். கடைசி நிரலின் எண்தான் மொத்தத்துக்கும் எண். பாஷில் "பைப்ஃபெயில்" இயக்கினால் இது சரியாகும். 137 வந்தால் யாரோ அதை வலுக்கட்டாயமாகக் கொன்றிருக்கிறார்கள். கொள்கலனில் என்றால் நினைவகம் தீர்ந்ததா என்று பாருங்கள்.

நிரல் தோற்றால் அதை நெறிமுறைப் பிழையாக எறியாமல், டூல் முடிவுக்குள் "இஸ்எரர்" கொடியை உண்மையாக்கி, பிழைச்செய்தியையும் வெளியேற்ற எண்ணையும் உரையாகக் கொடுங்கள். அப்போதுதான் உதவியாளரின் பின்னாலுள்ள மொழி மாதிரி அதைப் படித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். "பிழை ஏற்பட்டது" என்று மொட்டையாகச் சொன்னால், அது அதே வாதங்களோடு மறுபடி கூப்பிடும்.

அறிகுறி: திகதி ஒரு நாள் பின்னால்

கொள்கலன் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடுகிறது. கொழும்பு நேரம் அதைவிட 5:30 மணி முன்னால் என்பதால், நள்ளிரவிலிருந்து காலை 5:30 வரை மட்டும் திகதி நேற்றையதாக இருக்கும். பகலில் சோதித்தால் பிடிபடாது. நேரவலயத்தை ஆசியா/கொழும்பு என்று வையுங்கள். கொள்கலனில் நேரவலயத் தரவுத் தொகுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் யூடிசிக்கே திரும்பிவிடும். இரண்டும் 5:30தானே என்று ஆசியா/கொல்கத்தாவைப் போடுபவர்கள் உண்டு. இன்றைய திகதிக்குச் சரி. ஆனால் இலங்கை 1996 மே மாதம் 6:30க்கும், அதே ஆண்டு ஒக்டோபரில் 6:00க்கும் மாறி, 2006 ஏப்ரலில்தான் 5:30க்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டுப் பதிவேடுகளைத் தொடும் டூலென்றால் அரை மணி பிசகும், 1996 மே முதல் ஒக்டோபர் வரை ஒரு மணி.

அறிகுறி: நிறக் குறிகளும் முன்னேற்றப் பட்டையும் கலந்த குப்பை

நிறம் வேண்டாம் என்னும் "நோ கலர்" மாறியை வையுங்கள், டெர்மினல் வகையை "dumb" ஆக்குங்கள், நிரலில் அமைதித் தெரிவு இருந்தால் போடுங்கள். அவ்வளவுதான்.

அறிகுறி: எல்லாம் சரி, உதவியாளர் டூலைக் கூப்பிடவே இல்லை, கூப்பிட்டாலும் தவறான வாதங்கள்

இங்கே கோளாறு விவரணையில். "உரையை மாற்றும்" என்று எழுதினால் எந்த உரை, எதிலிருந்து எதற்கு என்று மாதிரிக்குத் தெரியாது. "பாமினி எழுத்துருவில் தட்டிய உரையை யூனிகோட் தமிழாக்கும், ஏற்கெனவே யூனிகோடில் உள்ள உரைக்குப் பயன்படுத்தாதே" என்று எழுதினால் தெரியும். எந்த நேரத்தில் கூப்பிடக்கூடாது என்பதையும் எழுதுவது பலன் தரும். நிரலின் உதவிப் பக்கத்தை அப்படியே ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். நாற்பது தெரிவில் வேண்டியது மூன்று என்றால் மூன்றை மட்டும் காட்டுங்கள். தெரிவுக்குக் குறிப்பிட்ட மதிப்புகள்தான் என்றால், டூலின் வாதங்களை வரையறுக்கும் ஸ்கீமாவில் அவற்றைப் பட்டியலாகவே கட்டிப்போடுங்கள்.

"எந்தக் கட்டளையையும் ஓட்டு" என்று ஒரே டூல் கொடுத்துவிடுவது எளிது என்று சிலர் அந்தப் பக்கம் போவார்கள். உங்கள் சொந்த மடிக்கணினியில், ஒவ்வொரு கட்டளைக்கும் நீங்களே அனுமதி கொடுக்கும் இடத்தில் அது பரவாயில்லை. வாடிக்கையாளரின் கோப்புகள் கிடக்கும் கணினியில் கூடாது. டூலுக்கு "படிக்க மட்டும்", "அழிக்கக்கூடியது" என்று குறிப்புகள் ஒட்டும் வசதி எம்சிபியின் 2025 மார்ச் பதிப்பிலிருந்து இருக்கிறது. ஆனால் அவை வெறும் குறிப்புகள், யாரையும் தடுக்காது. அழிக்கும் டூலைக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், வந்த பாதையை முழுப் பாதையாக விரித்து, அது நீங்கள் அனுமதித்த அடைவுக்குள் இருக்கிறதா என்று உறையின் குறிமுறையிலேயே சரிபாருங்கள். வேறொரு பாதையைச் சுட்டும் குறியீட்டு இணைப்புகளைப் பின்தொடர்ந்து முடித்த பிறகுதான் அந்தச் சோதனை. முன்னால் செய்தால், உள்ளே இருப்பதுபோல் காட்டி வெளியே போகும் ஓர் இணைப்பு அதைத் தாண்டிவிடும்.